பிப் மறுக்கப்பட்ட வீடுகளில் கடிதம் வாசிக்கும் பிள்ளைகளுக்கு



ஹரோ, ஈஸ்ட்ஹாம், ரூட்டிங் என்று லண்டனில் எங்கள் தமிழ் ஆட்கள் கூடி வாழும் இடங்களில் வீட்டுக்கு வரும் பழுப்பு உறைகளை உடைப்பவர்கள் நீங்கள்தான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே கவுன்சில் கடிதம், கரண்ட் பில், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாவற்றையும் வாசித்துச் சொல்லி வளர்ந்தவர்கள். அம்மாவுக்கோ அப்பாவுக்கோ பிப் (வருத்தத்தாலோ இயலாமையாலோ அன்றாடம் சிரமப்படுபவர்களுக்கு அரசாங்கம் தரும் கொடுப்பனவு) தர முடியாது என்று வந்த கடிதத்தையும் நீங்கள்தான் முதலில் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகு வீடுகளில் நடப்பதை நான் நிறையக் கண்டிருக்கிறேன். ஒன்றில் கடிதம் லாச்சிக்குள் போய்விடும். இல்லையென்றால் அன்றிரவே, என் தாயைப் பொய்காரி ஆக்கிவிட்டீர்களே என்ற கோபத்தில் நாலு பக்கம் எழுதி, விடிந்ததும் தபாலில் போட்டுவிடுவீர்கள். லாச்சிக்குள் போனதால் ஒன்றும் கிடைக்காது. கோபக் கடிதத்தாலும் அநேகமாக ஒன்றும் கிடைக்காது.

எதிர்ப்பதா, எந்த வழியில் எதிர்ப்பது என்பதைப் புள்ளிக்கணக்குத்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கணக்கை நீங்கள் தனியே லப்டொப்புக்கு முன்னால் இருந்து போடக் கூடாது. யாருடைய உடம்பைப் பற்றிய கணக்கோ அவரைப் பக்கத்தில் இருத்தி, கேட்டுக் கேட்டுப் போட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். மிச்சமெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பது.

பிப்பில் வருத்தத்தின் பெயருக்குப் புள்ளி கிடையாது. நீரிழிவு, முடக்குவாதம், மனச்சோர்வு என்று எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் பெயருக்குப் பூச்சியம். அந்த வருத்தத்தால் அன்றாடம் என்னென்ன செய்ய முடியாமல் இருக்கிறது என்பதற்குத்தான் புள்ளி. சமைப்பது, சாப்பிடுவது, மருந்து எடுப்பது, குளிப்பது, கழிவறை, உடுப்பது, பேசுவது, வாசிப்பது, ஆட்களோடு பழகுவது, காசுக் கணக்குப் பார்ப்பது என்று அன்றாட வாழ்வில் பத்து. வழி கண்டு போவது, நடப்பது என்று நடமாட்டத்தில் இரண்டு. ஒவ்வொன்றிலும் பொருந்தும் ஆகக்கூடிய புள்ளி ஒன்றை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். இந்த இரண்டு பகுதியில் ஒன்றில் 8 வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் கூடிய வீதம். 2025-26இல் அன்றாட வாழ்வுக்குக் கிழமைக்கு 73.90 அல்லது 110.40 பவுண். நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. வேலை செய்கிறாரா, வங்கியில் காசு இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அந்தச் சிரமம் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதமாவது இருக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும்.

கடிதத்தில் இந்தப் பன்னிரண்டுக்கும் எத்தனை புள்ளி போட்டார்கள் என்று இருக்கும். அதற்குப் பின்னால் கணிப்பீட்டாளர் எழுதிய அறிக்கை ஒன்று இருக்கிறது. அது கடிதத்தோடு வராது. பிப்பைத் தீர்மானிக்கும் திணைக்களமான டிடபிள்யூபிக்கு ரெலிபோன் எடுத்துக் கேட்டால் அனுப்புவார்கள். மேற்கொண்டு ஒரு வரி எழுத முன்னர் அதைக் கேட்டு எடுங்கள். எதை மறுக்கிறோம் என்று தெரியாமல் மறுத்து எழுதுவது வீண் வேலை.

அறிக்கை வந்ததும் உங்களுக்குக் கோபம் வரும், எனக்குத் தெரியும். கணிப்பீட்டாளர் ரெலிபோனில் 'ஹவ் ஆர் யூ' என்று கேட்க, அம்மா 'ஃபைன், தாங்க் யூ' என்றிருப்பார். வீட்டுக்கு வந்திருந்தால் தேத்தண்ணி போட எழும்பியிருப்பார். கதிரையிலிருந்து உதவியின்றி எழும்பினார் என்று அது பதிவாகியிருக்கும். சமைக்கிறீர்களா என்றதற்கு 'ஓம், சமைக்கிறனான்தானே' என்று சொல்லியிருப்பார். முப்பது வருடம் ஒரு குடும்பத்துக்குச் சமைத்த மனுசி வேறு என்ன சொல்வார்? கணிப்பீட்டாளரை ஏசுவதில் பயன் இல்லை. அவர் எழுதிய எந்த வரி நடப்போடு பொருந்தவில்லை என்று ஒவ்வொன்றாகக் குறியுங்கள். தேத்தண்ணிக் கேத்தலை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கினார், பிறகு அன்று முழுக்கக் கை வீங்கியிருந்தது என்றால் அதை எழுதுங்கள்.

இனிக் கணக்கு. ஒரு உதாரணம் சொல்கிறேன். முடக்குவாதம் உள்ள ஒரு அம்மா. சமையலுக்கு உயரமான இருக்கையும் விசேட கத்தியும் வேண்டும்: 2. குளிக்க ஒரு கைபிடி இருந்தால் போதும் என்று 2. உடுக்கும்போது காலுக்கு உதவி வேண்டும்: 2. மருந்துக்குப் பூச்சியம். மொத்தம் 6, ஆகவே ஒன்றும் இல்லை. இப்போது அம்மாவைக் கேளுங்கள். பாத் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைக்க ஒவ்வொரு முறையும் அப்பா கையைப் பிடிக்கிறார் என்றால் அது கைபிடிக்குரிய 2 அல்ல. தொட்டிக்குள் இறங்கவும் ஏறவும் இன்னொருவர் உதவி வேண்டும் என்ற 3. கவுன்சில் வந்து ஷவர் மாற்றித் தந்திருந்தாலும் சட்டம் கேட்பது மாற்றப்படாத சாதாரண தொட்டியைப் பற்றித்தான். குளிசைகளைத் தகட்டிலிருந்து பிதுக்க விரல் விடாது, தங்கச்சிதான் எடுத்துக் கொடுக்கிறாள் என்றால் மருந்துக்கு 1. கூட்டினால் 8. 2025-26 வீதத்தில் கிழமைக்கு 73.90 பவுண். அதோடு, அம்மாவைக் கிழமைக்கு 35 மணித்தியாலம் பார்க்கும் அப்பா, அவருடைய உழைப்பு வரம்புக்குள் இருந்தால், 2025-26இல் 83.30 பவுணாக இருந்த பராமரிப்பாளர் கொடுப்பனவைக் கேட்கவும் இந்த 8தான் வாசல்.

இரண்டு புள்ளிக்காகச் சண்டையா என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். ஓம், இரண்டு புள்ளிக்காகத்தான். நாலு பக்கக் கோபத்தில் இந்த இரண்டு புள்ளியும் எங்கேயும் இருந்திருக்காது.

சமையலில் எங்கள் ஆட்கள் தவறாமல் ஒரு பிழை விடுகிறார்கள். அம்மாவால் இப்போது இடியப்பம் பிழிய முடியாது, கூழ் காய்ச்ச முடியாது, விருந்தினர் வந்தால் கடையில்தான் எடுக்கிறோம் என்று எழுதுவார்கள். சட்டத்தில் உள்ள சாப்பாடு ஒரு ஆளுக்கு, ஒரே கறியோடு, பச்சைச் சாமானிலிருந்து அடுப்பில் சமைப்பது. இடியப்ப உரல் அங்கே இல்லை. மரக்கறி தோல் சீவ முடியுமா, வெட்ட முடியுமா, சூடான சட்டியை ஊற்றாமல் இறக்க முடியுமா, அடுப்பை மறந்து போய்விடுகிறாரா என்று எழுதுங்கள்.

அதேபோல, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்று எழுதிப் புள்ளி வராது. பேசுவதும் வாசிப்பதும் அவரவர் தாய்மொழியில்தான் அளக்கப்படும்.

'செய்ய முடியும்' என்று அறிக்கை சொல்லும் இடத்திலெல்லாம் பிப் பற்றிய 2013ஆம் ஆண்டு விதிகளின் 4ஆம் விதியைக் கையில் எடுங்கள். ஒரு வேலையைப் பாதுகாப்பாகச் செய்ய வேண்டும். ஏற்கத்தக்க அளவுக்குச் செய்ய வேண்டும். தேவைப்படும் அளவுக்குத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். வருத்தமில்லாத ஒருவர் எடுக்கும் ஆகக்கூடிய நேரத்தின் இரண்டு மடங்குக்குள் செய்ய வேண்டும். நான்கில் ஒன்று தவறினாலும் அவரால் முடியும் என்று சொல்ல முடியாது. ஸ்டேஷன் வரை ஒரு முறை நடப்பார், அதற்குப் பிறகு பின்னேரம் வரைக்கும் கட்டிலில் என்றால் அந்த நடையை நடையாகக் கணக்கில் எடுக்க முடியாது. 7ஆம் விதி இன்னொன்று சொல்கிறது: பாதிக்கு மேற்பட்ட நாட்களில் எப்படி இருக்கிறது என்பதே கணக்கு. நல்ல நாளில் நடக்கிறார் என்பது மட்டும் பதிலாகாது.

வலிப்பு வரும் ஒருவர் மாதத்தில் ஒரு முறைதான் விழுகிறார் என்றால்? 2017இல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் இதற்குப் பதில் சொன்னார்கள். ஆபத்து எத்தனை தரம் வரும் என்பதோடு, வந்தால் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்பதையும் பார்க்க வேண்டும். எப்போது விழுவார் என்று தெரியாத ஒருவரை எல்லா நாளும் அடுப்படியில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கலாம்.

இன்னுமொன்றில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் அது நிறைய இருக்கிறது, யாரும் எழுதுவதில்லை. இலங்கையில் யுத்தத்தையும் தடுப்பு முகாமையும் கடந்து வந்தவர்களில் சிலர் தனியே வெளியே போவதில்லை. கால் நன்றாகத்தான் இருக்கிறது. பஸ்சில் சீருடை போட்ட ஒருவர் ஏறினால் வேர்த்து, இடம் தெரியாமல், எங்கேயோ இறங்கிவிடுவார்கள். அறிக்கையில் இவர்களுக்கு நடமாட்டத்தில் பூச்சியம் விழுவதை நான் கண்டிருக்கிறேன். பயம் ஒருவரை வழி கண்டு போகவிடாமல் முடக்குமானால் அதற்கும் புள்ளி உண்டு என்று 2016இல் மேல் தீர்ப்பாயம் தீர்த்தது. அரசாங்கம் 2017 மார்ச்சில் விதியை மாற்றி மன உளைச்சலை அதிலிருந்து எடுத்துவிட்டது. அந்த மாற்றம் பாரபட்சமானது, சட்டத்துக்கு முரணானது என்று அதே வருடம் டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. 2018 ஜனவரியில், மேன்முறையீடு செய்யப்போவதில்லை என்று அரசாங்கம் அறிவித்தது. அப்பா ஒருநாளும் தனியே கடைக்குப் போகாததை அவருடைய குணம் என்றுதான் நீங்கள் சின்ன வயதிலிருந்து நினைத்திருப்பீர்கள். கேட்டுப் பாருங்கள். கேட்பது லேசாக இருக்காது. அவர் சொல்ல மறுத்தால் விடுங்கள். நீங்கள் கண்ணால் கண்டதை உங்கள் பெயரில் ஒரு கடிதமாக எழுதலாம்.

கணக்குப் போட்டு முடிந்ததா? உண்மையாகக் கூட்டியும் நாலோ ஐந்தோதான் வருகிறது என்றால் எதிர்க்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். இதைக் கேட்டுச் சிலர் என்னோடு கோவித்தும் இருக்கிறார்கள். 8ஐத் தொடுகிறது, அல்லது 12ஐத் தொடுகிறது என்றால் எதிர்க்க வேண்டும். அப்போதுதான் வழியைப் பற்றிய பேச்சு.

முதல் வழி மீள்பரிசீலனை. கடிதத்தில் உள்ள திகதியிலிருந்து ஒரு மாதம். உறை உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல. இதைத் தாண்டாமல் இரண்டாவது வழியான தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது. அதே திணைக்களம்தான் திரும்பப் பார்க்கிறது, பெரும்பாலும் முடிவு மாறுவதில்லை. பதில் சொல்ல அவர்களுக்குக் கால எல்லையும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் கைவிடுகிறார்கள்: இரண்டு தரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், இனி என்ன என்று. இந்தப் படியை ஒரு கேற்றாகப் பாருங்கள். புள்ளிகளைச் சுருக்கமாக எழுதி, கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்து, திகதிக்குள் அனுப்புங்கள். டொக்டரின் கடிதத்துக்காகக் காத்திருந்து மாதத்தைக் கடத்தாதீர்கள். பின்னர் அனுப்புகிறேன் என்று எழுதலாம்.

லாச்சிக்காரர்களுக்கும் ஒரு சேதி. தகுந்த காரணம் இருந்தால் முடிவுத் திகதியிலிருந்து 13 மாதம் வரை பிந்தியும் கேட்கலாம். பிந்திவிட்டது என்று டிடபிள்யூபி எடுக்க மறுத்தாலும் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை போய்விடாது என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் தீர்த்திருக்கிறது.

மீள்பரிசீலனையிலும் இல்லை என்று வந்தால், அந்தப் பதிலின் திகதியிலிருந்து இன்னொரு மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு. இணையத்திலும் செய்யலாம், படிவத்திலும் செய்யலாம், கட்டணம் இல்லை. விசாரணை வரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கு மேல் விண்ணப்பித்தவர் பக்கம்தான் முடிகின்றன. முதல் தடவையாக அம்மாவை வேறு ஆட்கள், சுதந்திரமான ஆட்கள், பார்த்துக் கேட்கப்போகிறார்கள்.

புதிதாக விண்ணப்பித்தால் சுலபம்தானே என்று ஒரு கதை வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. சுலபம்தான், ஆனால் பழைய காசு போய்விடும். மேன்முறையீட்டில் வென்றால் முதல் விண்ணப்பத்திலிருந்து கணக்குப் பார்ப்பார்கள்; புது விண்ணப்பம் புதுத் திகதியிலிருந்துதான் தொடங்கும். அதே கணிப்பீடு, அதே 'ஃபைன், தாங்க் யூ'. ஒரு நிலைமையில் மட்டும் புது விண்ணப்பம் சரி: முடிவுக்குப் பிறகு வருத்தம் கூடியிருந்தால். முடிவெடுத்த நாளில் இருந்த நிலைமையைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். பிறகு வந்த பாரிசவாதத்தை அது கணக்கில் எடுக்க முடியாது. அப்படியானால் இரண்டையும் செய்யலாம், ஆனால் ஒரு ஆலோசகரைக் கேட்டுச் செய்யுங்கள்.

அம்மாவின் வயதைப் பாருங்கள், இது மிக முக்கியம். அரச ஓய்வூதிய வயதைத் தாண்டினால் பொதுவாகப் புதிதாக பிப் கேட்க முடியாது. அந்த வயது 66. 2026 ஏப்ரலிலிருந்து 67ஐ நோக்கி ஏறுகிறது. அதற்குப் பிறகு இருப்பது அட்டென்டன்ஸ் அலவன்ஸ். அதில் நடமாட்டத்துக்கு ஒரு சதமும் இல்லை. 65 வயதில் மறுக்கப்பட்டவருக்குப் பிறகு பார்க்கலாம் என்ற பேச்சே இருக்கக் கூடாது.

ஆபத்தும் இருக்கிறது. நடமாட்டத்துக்கு ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்து, அன்றாட வாழ்வுக்கு மட்டும் மறுத்திருந்தால், தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம், கிடைத்ததையும் குறைக்கலாம். வழக்கமாக முன்கூட்டியே எச்சரிப்பார்கள். அந்தக் கிடைத்த புள்ளி உறுதியானதா, ஆட்டம் காண்பதா என்று முதலிலேயே யோசித்துவிடுங்கள். இந்த முடிவை அம்மாதான் எடுக்க வேண்டும், நீங்கள் எடுக்கக் கூடாது. கோட்டுக்குப் போகிறோம் என்றதும் சனம் என்ன சொல்லும் என்று பயப்படுவார். விசா போய்விடும் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்லியிருப்பார். பிரஜாவுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ உள்ளவர் தமக்குரிய கொடுப்பனவுக்காக மேன்முறையீடு செய்வதில் ஒரு குற்றமும் இல்லை. விசாவில் பொது நிதி எடுக்கக் கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள் மட்டும் முதலில் குடிவரவுச் சட்டத்தரணியைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் விளங்கிய பிறகும் அம்மா வேண்டாம் என்றால் அது வேண்டாம்தான்.

விசாரணையைத் தாளில் மட்டும் முடிக்கும்படி கேட்காதீர்கள். நேரிலோ வீடியோவிலோ ரெலிபோனிலோ பேசினால் வாய்ப்புக் கூட. ஒரு நீதிபதி, ஒரு டொக்டர், இயலாமை பற்றி அனுபவமுள்ள ஒருவர் என்று மூன்று பேர் ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். தலையில் வெள்ளை விக் இல்லை. டிடபிள்யூபியின் ஆள் பல தடவை வருவதே இல்லை. படிவத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று குறித்தால் தீர்ப்பாயம் தன் செலவில் ஒழுங்கு செய்யும். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சம் தெரியும் என்று அதை வெறுமையாக விடாதீர்கள். கொஞ்ச ஆங்கிலத்தில்தான் எல்லாம் பரவாயில்லை என்று வரும். நீங்கள் மொழிபெயர்க்க முடியாது. சாட்சியாக இருக்கலாம். அம்மாவைக் கேட்ட கேள்விக்குப் பழக்கதோசத்தில் பதில் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அன்று உங்களுக்கு ஆகப் பெரிய வேலை.

டொக்டரின் கடிதம் வருத்தத்தின் பெயரை மட்டும் சொன்னால் அதற்குப் பெரிய பெறுமதி இல்லை. இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதுங்கள்: யார் தலை முழுக வார்த்தது, எத்தனை மணிக்கு எழும்பினார், எங்கே விழப் பார்த்தார். வீட்டுக்கு வந்துபோகும் சித்தி நாலு வரி எழுதித் தந்தால் அதையும் வையுங்கள்.

விசாரணைக்கு முன்னர் டிடபிள்யூபியிலிருந்து ரெலிபோன் வரலாம்: இவ்வளவு தருகிறோம், சரியா என்று. வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் நின்றுகொண்டு ஓம் சொல்லாதீர்கள். எந்தப் பகுதிக்கு, எந்த வீதம், எத்தனை வருடம் என்று கேட்டு எழுதுங்கள். அம்மாவோடு கதைத்துவிட்டுச் சொல்கிறேன் என்று வையுங்கள். உங்கள் கணக்கு இருக்கிறதே, அதோடு ஒப்பிடுங்கள்.

உதவிக்கு யார் என்று கேட்பீர்கள். பிப் தொடங்கியது 2013 ஏப்ரலில். இந்த வழக்குகளுக்கான சட்ட உதவி பெரும்பாலும் நிறுத்தப்பட்டதும் அதே ஏப்ரலில். அந்த ஒற்றுமையைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. அதை இன்னொரு நாள் சொல்கிறேன். சிட்டிசன்ஸ் அட்வைஸும் பல இடங்களில் சட்ட நிலையங்களும் இன்னும் இருக்கின்றன, முதல் மாதத்திலேயே போங்கள். ஸ்கொட்லாந்தில் இருப்பவர்களுக்கு இப்போது வேறு கொடுப்பனவு, அங்கே மீள்தீர்மானம் கேட்க 42 நாள். புள்ளிக்கணக்கு ஏறக்குறைய இதேதான்.

தீர்ப்பாயமும் இல்லை என்றால், முழுமையான காரணங்களை எழுத்தில் தரும்படி ஒரு மாதத்துக்குள் கேளுங்கள். மேல் தீர்ப்பாயத்துக்குச் சட்டப் பிழை இருந்தால் மட்டுமே போகலாம். அநியாயம் என்பது அங்கே போதாது. அந்தப் பிழை இருக்கிறதா என்று பார்ப்பது உங்களுடைய வேலையும் இல்லை, என்னுடைய வேலையும் இல்லை. சட்ட நிலையத்தில் காட்டுங்கள். அந்தக் கட்டத்துக்கு, வருமானத்தைப் பொறுத்து, சட்ட உதவி இன்னும் கிடைக்கலாம். போகும்போது வழக்குத் தாள் கட்டு முழுவதையும் கொண்டு போங்கள். கடைசிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு வெல்லுமா அன்ரி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அன்புடன்,
உங்கள் அன்ரிமாரில் ஒருத்தி